மூடுபனிக்குள் ஒரு பஸ் சாரதி

இந்தக் கோடையில் மலைநடை வழிகாட்டிகளாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, உங்களில் சிலர் தமிழை இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அவசரமில்லை. மூச்சு வாங்கினால் நின்று, தண்ணீர் குடித்துவிட்டு வாசியுங்கள்.

வரைபடம் பார்ப்பதையும் காயத்துக்குக் கட்டுப் போடுவதையும் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். நான் அவற்றைத் தொடப்போவதில்லை. மலையில் நம்முடைய ஆட்களை எப்படிச் சமாளிப்பது என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரமாட்டார்கள். அதைத்தான் எழுதப் போகிறேன்.

நான் மலைக்கு ஆசைப்பட்டுப் போனவள் அல்ல. ஒஸ்லோவில் வேலை தேடி அலைந்தபோது, ரயிலில் சில மணித்தியாலம் தள்ளியிருந்த ஒரு பனிச்சறுக்கு நகரத்து ஹோட்டலில் பாத்திரம் கழுவ ஆள் வேண்டும் என்றார்கள். ஒரு பனிக்காலத்துக்கு மட்டும் என்று பெட்டியைக் கட்டினேன். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்துவிட்டேன்.

அது ஒரு விசித்திரமான ஊர். பனிக்காலத்தில் தெருவில் நடந்து போகிறவர்களைவிடச் சறுக்கிப் போகிறவர்கள் அதிகம். ஈஸ்டர் விடுமுறையில் வெதுப்பகத்தில் பாண் வாங்கவே வரிசை நிற்கும். இலையுதிர்காலத்தில் விருந்தினர் எல்லாரும் போனபிறகு ஊரில் எங்களையும் காகங்களையும் தவிர யாரும் இல்லை. நோர்வேஜியர் வாய் திறக்கமாட்டார்கள் என்று சொல்கிறவர்கள் நவம்பரில் எங்கள் ஊர்க் கடைக்கு வந்து பார்க்கவேண்டும். ஒரு பெட்டி பால் வாங்கப் போனால் கடைக்காரர் தன் முழங்கால் வலியின் வரலாறு முழுவதையும் சொல்லித்தான் மிச்சக்காசைத் தருவார்.

அங்கே எல்லாரும் சறுக்கித்தான் வேலைக்கு வருவார்கள். நானும் பழகவேண்டும் என்று இங்கெர் பிடிவாதம் பிடித்தாள். இங்கெர் ஹோட்டலில் விருந்தினரின் மலைப்பயணங்களைக் கவனித்தவள். என்னைவிட வயதில் சிறியவள். ஹோட்டலுக்குப் பின்னால் இருந்த சரிவில் என்னை நிறுத்தி, எப்படிப் போவது என்று காட்டினாள். எப்படி நிற்பது என்று காட்டுமுன் உள்ளே தொலைபேசி அடித்தது. அவள் ஓடிவிட்டாள். நானும் போய்விட்டேன். ஹோட்டலைக் கடந்து, தேவாலயத்தைக் கடந்து, வெதுப்பகத்தின் திறந்திருந்த பின்கதவு வழியாகப் போய் கோதுமை மா மூட்டைகளில் மோதித்தான் நின்றேன். வெதுப்பகக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னும் கடை திறக்கவில்லை" என்றார்.

ஒருவருக்குப் போகக் கற்றுக்கொடுக்குமுன் நிற்கக் கற்றுக்கொடுங்கள். இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் அது. மாவில் புரண்டபடி கற்றுக்கொண்டேன்.

பிறகு விடுமுறை நாட்களில் தனியாக மலையில் நடக்கத் தொடங்கினேன். முதலில் குசினியின் வெக்கையிலிருந்து தப்புவதற்காக. பிறகு கால்கள் தாமாகவே கேட்கத் தொடங்கிவிட்டன. ஒரு கோடையில் வழிகாட்டி ஒருவருக்குக் காய்ச்சல் என்று இங்கெர் என்னை அனுப்பினாள். அதன்பிறகு நான் பாத்திரம் கழுவப் போகவில்லை.

இரண்டாயிரத்தைந்து வாக்கில், ஒரு ஓகஸ்ட் மாதக் கடைசியில், ஒஸ்லோவிலிருந்து ஒரு தமிழ் மன்றத்தார் ஒரு சின்ன பஸ் நிறைய வந்தார்கள். பெரும்பாலும் குரோருட், வெஸ்ட்லிப் பக்கத்துக் குடும்பங்கள். பகலில் மலைநடை, பின்னேரம் ஹோட்டலில் சாப்பாடு, பிறகு வீடு. இதுதான் திட்டம். வழிகாட்டி தமிழ்ப்பெண் என்று கேட்டதும் அவர்களுக்குச் சந்தோஷம். எனக்கும்தான், பஸ் கதவு திறக்கும்வரை.

முதலில் இறங்கியவர் குலசிங்கம் அண்ணை. ஒஸ்லோவில் பஸ் சாரதி. அன்றைக்கு அவருக்கு விடுமுறை என்றாலும், வந்த பஸ்ஸின் சாரதிக்கு வழி முழுவதும் பின்னாலிருந்து ஓட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். அந்தச் சாரதி இறங்கியவுடன் என்னிடம் தலைவலிக் குளிசை கேட்டார்.

குலசிங்கம் அண்ணையின் காலில் மினுக்கிய கறுப்புச் சப்பாத்து. கையில் ஒரு பெரிய பை.

"அண்ணை, இந்தச் சப்பாத்தோடை மலை ஏறேலாது. ஹோட்டலிலை றப்பர் பூட்ஸ் இருக்கு, தாறன்" என்றேன்.

"தங்கச்சி, நான் பனியிலை பஸ் ஓடுறவன். எனக்குச் சறுக்காது."

"பஸ்ஸுக்குத்தான் சறுக்காது. உங்களுக்குச் சறுக்கும்" என்றார் பின்னால் வந்த தேவி அக்கா. அவருடைய மனைவி. "போடுங்கோ அதை. பேசாமல் போடுங்கோ."

போட்டார். பையில் என்ன என்று கேட்டேன். தேவி அக்கா இரண்டு நாளாக இருந்து சுட்ட முறுக்கு. உச்சியில் வைத்து அண்ணை எல்லாருக்கும் பங்கிடுவாராம். அதுவரை தன் கையைவிட்டுப் போகாதாம். ஏனென்றால் பஸ்ஸில் வரும்போதே அரைவாசி காணாமல் போய்விட்டதாம்.

நடக்கத் தொடங்கினோம். எங்கள் மலைகளில் பாதையைக் காட்ட, கற்களில் சிவப்பு வர்ணத்தால் T என்ற எழுத்தை எழுதியிருப்பார்கள். முதல் கல்லைக் கண்டதும் குலசிங்கம் அண்ணை நின்றார்.

"குரோருட்டிலை இந்த எழுத்தைக் கண்டால் கீழை சுரங்கரயில் வரும். இஞ்சையும் வருமோ?"

எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த கல்லிலும் அதையே கேட்டார். அதற்கடுத்த கல்லிலும் கேட்டார். ஏறத்தாழ உச்சிக்குக் கிட்ட வரும்வரை அந்தப் பகிடி உயிரோடு இருந்தது.

அங்கேதான் மூடுபனி வந்தது. யாரோ புட்டுப்பானையின் மூடியைத் திறந்தது போல ஒரு பக்கமிருந்து புகைந்துகொண்டு வந்து, மலையை, ஏரியை, முன்னால் இருந்த கல்லை, கடைசியில் என் கைத்தடியின் நுனியையும் விழுங்கியது. காற்றும் குளிர்ந்துவிட்டது. உச்சிக்கு இன்னும் கொஞ்சத் தூரம்தான். ஆனால் உச்சியின் மற்றப் பக்கம் செங்குத்தான பள்ளம். திரும்பவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சந்தேகம் என் வாயில்தான் இருந்தது. "நான் நினைக்கிறன், இப்ப திரும்பினால் நல்லது" என்றேன்.

பிள்ளைகளே, நம்முடைய ஆட்களிடம் ஒருபோதும் "நான் நினைக்கிறன்" என்று தொடங்காதீர்கள். நீங்கள் நினைத்தால் அவர்களும் நினைப்பார்கள். அந்த மூடுபனிக்குள் மன்றத்தின் பொதுக்கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் முன்மொழிந்தார், ஒருவர் வழிமொழிந்தார், ஒருவர் போன வருடக் கோடை ஒன்றுகூடலில் சோறு காணாமல் போன விஷயத்தை எடுத்தார்.

"இந்த நாட்டிலை சின்னப்பிள்ளையளுக்கே சொல்லிக்குடுப்பினம், மலையிலை திரும்பி வாறதிலை வெக்கமில்லை எண்டு" என்றேன்.

"வெக்கமில்லாத ஆக்களுக்கு அது சரி, தங்கச்சி" என்றார் குலசிங்கம் அண்ணை. "லோறென்ஸ்கூக்கிலை என்ரை மச்சான் இருக்கிறார். வீடு வாங்கின நாள் துவக்கம் அவருக்குக் கால் நிலத்திலை படுறேல்லை. போன வருசம் இதே மலையிலை நிண்டு எடுத்த படத்தைக் கொண்டுவந்து மேசையிலை வைச்சவர். நான் பாதியிலை திரும்பினன் எண்டு அவருக்கு எப்பிடிச் சொல்லுறது?"

"அண்ணை, திரும்புறம். இப்ப" என்றேன். குரலை உயர்த்தவில்லை, தாழ்த்தினேன். கூட்டம் உடனே கலைந்தது. எல்லாருக்கும் உள்ளுக்குள் திரும்பத்தான் விருப்பம். யாராவது உத்தரவு போட்டால் போதும் என்று காத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஓம், ஓம், நீங்கள் நடவுங்கோ. சப்பாத்துக் கயிறு அவிண்டுபோச்சு, கட்டிப்போட்டு வாறன்" என்றார் குலசிங்கம் அண்ணை.

நான் முன்னால் நடந்தேன். வரிசையின் கடைசியில் கார்த்திக்கை விட்டிருந்தேன். கோயம்புத்தூரிலிருந்து கணினி வேலைக்கு வந்திருந்த இளைஞர், மன்றத்துக்குப் புதியவர். பெரிய பாறை ஒன்றடியில் எல்லாரையும் நிறுத்தி எண்ணிப் பார்த்தேன். ஒருவர் குறைந்தார். திரும்ப எண்ணினேன். அப்போதும் ஒருவர் குறைந்தார்.

றப்பர் பூட்ஸுக்குக் கயிறு கிடையாது என்பது அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது.

"கார்த்திக், அண்ணை உங்களோடைதானே வந்தவர்?"

"எனக்கு முன்னாடி போறார்னு நெனச்சேன் மேடம். நான் ஜிபிஎஸ்ஸைப் பாத்துட்டு வந்தேன்." கையில் இருந்த கருவியை நீட்டினார். "கவலைப்படாதீங்க, நம்ம லொகேஷன் பர்ஃபெக்டா காட்டுது."

"தம்பி, நாங்கள் எங்கை நிக்கிறம் எண்டு எனக்குத் தெரியும். அவர் எங்கை நிக்கிறார் எண்டு அதைக் கேளுங்கோ."

கார்த்திக் பாவம், உண்மையாகவே ஒருமுறை அதைப் பார்த்தார்.

தேவி அக்கா பாறையடியில் உட்கார்ந்துவிட்டார். "அவருக்குச் சீனி வருத்தம், நேரத்துக்குச் சாப்பிடவேணும்" என்றார். "வழி தேடுற புத்தியும் இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கினால் இடது வலது தெரியாது. கடைக்குள்ளை என்னைத் துலைச்சுப்போட்டு, ஒலிபெருக்கியிலை என்ரை பேரைக் கூப்பிடுவிச்ச மனுசன்."

இங்கெருக்குத் தொலைபேசி எடுத்தேன். குரல் விட்டுவிட்டுத்தான் கேட்டது. மீட்புக்குழுவுக்குச் சொல்கிறேன், ஆனால் இந்தப் பனிமூட்டத்தில் ஹெலிகொப்டர் வராது, ஆட்கள் நடந்து வர நேரமாகும் என்றாள். பிறகு கேட்டாள்: "காது கொடுத்துக் கேட்டுப் பார்த்தாயா?"

எங்கே கேட்பது? என்னைச் சுற்றி இருபது பேர் ஒரே நேரத்தில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். சிலர் "குலசிங்கம்!" என்று ஆளுக்கொரு திசையில் கத்தினார்கள். மூடுபனி அந்தக் குரல்களைப் பிய்த்து எல்லாப் பக்கமும் எறிந்தது. ஒருவர் விசில் அடித்தார். மற்றவர் விசில் அடிக்கும் முறை பிழை என்றார். "எல்லாரும் அமைதியாய் இருங்கோ" என்று மூன்றுமுறை சொன்னேன். ஒவ்வொரு முறையும் நாலு பேர் அதையே மற்றவர்களுக்குக் கத்திச் சொன்னார்கள்.

கடைசியில் தேவி அக்காதான் எழுந்து நின்றார்.

"என்ரை மனுசன் அங்கை விறைச்சுச் செத்தாலும் இஞ்சை உங்கடை கதை முடியாது போலை கிடக்கு! மூடுங்கோ வாயை!"

அப்படியொரு அமைதியை நான் எந்த மலையிலும் கேட்டதில்லை. தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. பிறகு, தூரத்தில், மணிச்சத்தம்.

கோடையில் எங்கள் மலையெங்கும் செம்மறிகள் மேயும். கழுத்தில் மணி இருக்கும். மேயும் ஆட்டின் மணி சோம்பலாகக் கேட்கும்: இங்கே ஒன்று, அங்கே ஒன்று. ஆனால் அன்றைக்குக் கேட்டது அப்படியல்ல. எல்லா மணிகளும் ஒரே இடத்தில், திருவிழாத் தேர் கிளம்புவது போல, அவசர அவசரமாக ஆடின. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். பண்ணைக்காரர் உப்புக்கட்டியோடு வரும்போது செம்மறிகள் அப்படித்தான் ஓடிவந்து மொய்க்கும். ஆனால் இந்த மூடுபனியில் எந்தப் பண்ணைக்காரர் வருவார்?

"அக்கா, முறுக்குக்கு உப்புப் போட்டனீங்களோ?"

தேவி அக்கா என்னைப் பார்த்தார். "கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார்.

இனி நான் என்ன செய்வது? தனியே போனால் இருபது பேரை மூடுபனிக்குள் விட்டுப் போகவேண்டும். அவர்களை ஒரு நிமிடம் விட்டாலும் தேடுதல் குழு ஒன்று அமைத்துத் தலைவரையும் தெரிவுசெய்துவிடுவார்கள். ஒஸ்லோத் தெருக்களில் பாலர் பள்ளிப் பிள்ளைகள் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு போவதைக் கண்டிருப்பீர்கள். அது நினைவுக்கு வந்தது. சால்வைகள், கழுத்துத் துணிகள் எல்லாவற்றையும் கழற்றச் சொல்லி முடிச்சுப் போட்டேன். கணக்காளர், தாதி, இரண்டு கடை முதலாளிமார், கார்த்திக் எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கொஞ்சம் நடப்போம், நிற்போம், கேட்போம், மறுபடி நடப்போம். யாரும் கதைக்கவில்லை. தேவி அக்கா கடைசியில் வந்தார். கதைத்தால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

மணிச்சத்தம் கிட்ட வந்தது. அதற்கு நடுவில் ஒரு குரல். நோர்வேஜிய மொழியில்.

"தயவுசெய்து பின்பக்கம் போங்கோ! பின்னாலை இடம் இருக்கு! வாசலிலை நிக்காதேங்கோ!"

ஒரு பாறையின் மேல் குலசிங்கம் அண்ணை நின்றார். ஒரு காலில் பூட்ஸ், மற்றக் காலில் ஈரமான காலுறை. முறுக்குப் பை தலைக்கு மேல். சுற்றிவரச் செம்மறிகள். முன்னங்கால்களைப் பாறையில் வைத்து ஏறப்பார்த்த ஒரு கொழுத்த கொம்புச் செம்மறியோடுதான் அவருக்கு வாக்குவாதம்.

வரிசை முழுவதும் சிரிக்கத் தயாரானது. நானும்தான். அப்போது ஒரு காற்று வந்து மூடுபனியைக் கொஞ்சம் விலக்கியது. பாறைக்குப் பின்னால் இரண்டு எட்டில் நிலம் இல்லை. வெறும் வெள்ளை. கீழே எங்கோ தண்ணீர் விழும் சத்தம். மலையின் மற்றப் பக்கத்துப் பள்ளம் அதுதான். மனிதர் நேரே அதை நோக்கி நடந்திருக்கிறார். செம்மறிகள் மறித்திராவிட்டால் நின்றிருக்கமாட்டார்.

மூடுபனி மறுபடி மூடியது. வேறு யாரும் அதைக் கண்டதாகத் தெரியவில்லை.

"கவனம்!" என்று கத்தத்தான் வாய் வந்தது. கத்தினால் மனிதர் என்ன செய்வார்? திரும்பிப் பார்ப்பார். பின்னால் ஒரு எட்டு வைப்பார். விளிம்பில் நிற்கும் ஒருவரிடம் ஆபத்தைப் பற்றிப் பேசாதீர்கள், பிள்ளைகளே. அவர் உங்கள் பக்கம் வருவதற்கு ஒரு காரணத்தைக் கொடுங்கள்.

துணிக்கயிற்றைக் கார்த்திக்கிடம் கொடுத்து, அசையக்கூடாது என்று கண்ணால் சொல்லிவிட்டு, ஆடுகளுக்குள் புகுந்தேன்.

"அண்ணை, எனக்கும் ஒரு முறுக்குத் தாங்கோ."

"வரிசையிலை வாங்கோ" என்றார், கொம்புச் செம்மறியிலிருந்து கண்ணை எடுக்காமலே. பிறகு குரல் பிடிபட்டது. "தங்கச்சியோ! எங்கை போனனீங்கள் எல்லாரும்? உங்களைத் தேடித்தானே அலையிறன்!"

"ஓம் அண்ணை, நாங்கள் துலைஞ்சுபோனம். இந்தப் பக்கமாய் இறங்கி எங்களைக் கூட்டிக்கொண்டு போங்கோ."

அவர் முன்பக்கமாகச் சறுக்கி இறங்கினார். அவருடைய மேற்சட்டையை நான் பிடித்த பிடியில் ஒரு பொத்தான் கையோடு வந்துவிட்டது. விடவில்லை. தேவி அக்கா வந்து அவரைக் கட்டிப்பிடித்து அழுதார். உடனேயே கையிலிருந்த பையைப் பறித்து எட்டிப் பார்த்தார்.

"எல்லாத்தையும் ஆட்டுக்கோ குடுத்தனீங்கள்?"

"சும்மா குடுக்கேல்லை. ஆளுக்கு ஒண்டு."

"அது சரி, ஏன் நோர்வேஜியத்திலை கத்தினனீங்கள்?"

"நோர்வே ஆட்டுக்குத் தமிழ் விளங்குமோ?"

இறங்கும்போது செம்மறிகளும் பின்னால் வந்தன. விரட்டிப் பார்த்தோம், போகவில்லை. மூடுபனியை விட்டு வெளியே வந்தபோது, ஊர்ச்சனம் கண்ட காட்சி இதுதான்: முன்னால் நான், பின்னால் சால்வைக்கயிற்றைப் பிடித்தபடி ஒரு மன்றம், அதன் பின்னால் ஒரு மந்தை. மேலே ஏறத் தயாராக நின்ற மீட்புக்குழுவினர் தொப்பியைக் கழற்றி வழிவிட்டார்கள். கொம்புச் செம்மறி தானியங்கிக் கதவு வழியாக ஹோட்டல் வரவேற்பறைக்குள்ளேயே வந்துவிட்டது. இங்கெர் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஒருவர் குறைகிறார் என்றுதானே சொன்னாய்?" என்றாள்.

பள்ளத்தைப் பற்றி அவளிடம் மட்டும் சொன்னேன். அவள் சிரிப்பதை நிறுத்தி, எனக்கு ஒரு கோப்பி ஊற்றித் தந்தாள். அடுத்த வாரம் பண்ணைக்காரர் ஹோட்டலுக்கு வந்து, ஆடுகள் இப்போது உப்புக்கட்டியைத் திரும்பியும் பார்ப்பதில்லை, நீங்கள் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். தேவி அக்கா குரோருட்டிலிருந்து ஒரு பொதி முறுக்கு அனுப்பிவைத்தார்.

சில வருடங்களுக்குப் பிறகு லோறென்ஸ்கூக்கில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தேன். குலசிங்கம் அண்ணையின் மச்சானுடைய மகளின் கலியாணம். சாப்பாட்டு மேசை ஒன்றைச் சுற்றி ஒரே கூட்டம். நடுவில் குலசிங்கம் அண்ணை.

"நாலு ஓநாய். சுத்திவர நிக்குது. நான் பாறைக்கு மேலை. கையிலை ஒரு தடிகூட இல்லை!"

"ஓநாயோ?" என்றார் மச்சான். "நான் செம்மறி எண்டெல்லோ கேள்விப்பட்டனான். அந்தா, வழிகாட்டி அக்கா நிக்கிறா. அவவையே கேப்பம்."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தேவி அக்காவும் பார்த்தார். குலசிங்கம் அண்ணை அவசரமாக எழுந்து வந்து, எனக்குச் சோடா எடுத்துத் தருவது போலக் கிட்ட நின்று, காதுக்குள் சொன்னார்:

"தங்கச்சி, அந்தப் பள்ளத்தை நானும் கண்டனான். பாறையிலை ஏறினாப் பிறகுதான் கண்டனான். பயத்திலைதான் ஆட்டோடை கதைச்சுக்கொண்டு நிண்டனான். உண்மை தெரிஞ்சால் தேவி என்னை இனிப் பல்கனிக்கும் விடமாட்டாள். ஓநாய் எண்டால் நம்பமாட்டாள். நிம்மதியாய்ச் சிரிச்சுக்கொண்டிருப்பாள்."

மேசையில் எல்லாரும் காத்திருந்தார்கள்.

"நாலு இல்லை" என்றேன். "அஞ்சு. ஒண்டுக்குக் கொம்பும் இருந்தது."

தேவி அக்காதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.